பதினான்கு ஸ்லைஸும் தனத்தின் வலது கையும்

போன வாரம் ஷீபா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. பழைய டிஸ்குகளில் கிடக்கும் படங்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்களாம். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அதில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். மூளையின் மேல்பகுதி மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு.

“மணிச்சேட்டா, உங்க காலத்துல ஆளுக்குப் பாதித் தலைதான் இருந்துதா?” என்று கேட்டாள்.

ஷீபா பேசியது மலையாளத்தில். இந்தக் கட்டுரையில் வரும் மலையாளப் பேச்சையெல்லாம் எனக்கு வந்த தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை போடும் நேரம் தாண்டியும் நின்றுகொண்டே அவளுக்கு விளக்கினேன். கறுப்பாக இருப்பது மூளை இல்லாத இடம் அல்ல, நாங்கள் பார்க்காத இடம். இந்த வித்தியாசத்தில்தான் ஒரு பெண்ணின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. சேட்டன் இதை எழுத வேண்டும் என்றாள். எழுதுகிறேன். கண்ணாடியின் பவர் மாறிவிட்டது, டாக்டரிடம் போகச் சோம்பல், அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் பிறந்தது கொச்சியில் மட்டாஞ்சேரி. அப்பா வெலிங்டன் தீவில் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். பஜாரில் கைவண்டியில் போகும் சுக்கு மூட்டைகளை எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடம் போவேன். ஒரு மூட்டை விட்டுப்போனால் அன்று முழுக்க மனம் அடங்காது. படித்து டிப்ளமா வாங்கி எக்ஸ்ரே இருட்டறையில் நுழைந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சி.டி. ஸ்கேன் வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எம்.ஆர்.ஐ. வந்தது. இரண்டுக்கும் என்னைத்தான் வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இருட்டறையில் என் விரல் நகங்கள் பழுப்பானதையும் பயிற்சிக்குப் போன ஊரில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததையும் எழுதினால் தாள் போதாது. விடுகிறேன்.

எம்.ஆர்.ஐ. மெஷின் ஒரு பெரிய காந்தம். அந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. கொண்டை ஊசி, சாவி, மெட்டி, தாயத்து என்று எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொல்வேன். நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைப்பார்கள் என்பது மெஷின் விற்க வந்த கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு பெண்ணிடம் ஒன்பது ஊக்குகள் கூட எடுத்திருக்கிறேன். கழற்றும்போது எண்ணுவேன், திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணுவேன். நர்ஸுகள் எனக்கு ஊக்குச்சேட்டன் என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் அன்னம்மா. ஆலுவாக்காரர், தினமும் அங்கிருந்து வந்து போவார். குரல் உயர்த்த மாட்டார். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். அதை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினால் ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். புதிதாக எந்த ஸ்கேன் தொடங்கினாலும் முதலில் எங்களை ஒவ்வொருவராகக் காந்தத்துக்குள் படுக்க வைப்பார். அவரும் படுப்பார். “உள்ள கெடந்து பாக்காதவன் வெளியே நின்னு அசையாதேன்னு சொல்லக் கூடாது” என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எவ்வளவு அழகான வண்ணப்படம் காட்டினாலும் முதலில், “நிறத்தை அணை” என்பார். சிவப்பும் மஞ்சளும் போன பிறகு மிஞ்சும் சாம்பல் நிறப் படத்தைத்தான் பார்ப்பார். நிறம் யார் வேண்டுமானாலும் பூசலாம், அடியில் இருப்பது சரியான இடத்தில் இருக்கிறதா என்பது அவர் கேள்வி. எங்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். கஷ்டப்பட்டு நிறம் வரவழைத்தால் அணைக்கச் சொல்கிறாரே என்று முணுமுணுப்போம்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில், மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் ஸ்கேனை நாங்கள் தொடங்கினோம். விஷயம் எளிது. வலது கை விரலை அசைத்தால், மூளையில் அந்தக் கைக்கு உரிய இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் ஓடும். மெஷின் அதைப் பிடிக்கும். ஆனால் மாற்றம் மிகச் சின்னது. அதனால் முப்பது விநாடி விரல்களைக் கட்டைவிரலில் தட்டு, முப்பது விநாடி சும்மா இரு என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வோம். தட்டும்போது எடுத்ததிலிருந்து சும்மா இருக்கும்போது எடுத்ததைக் கழித்தால், மிஞ்சும் இடம் கையின் இடம். அதற்குத்தான் சிவப்பும் மஞ்சளும்.

எங்கள் மெஷின் பழையது, மெதுவானது. மூன்று விநாடிக்கு ஒருமுறை படம் எடுத்தாக வேண்டும். அதற்குள் நுணுக்கமாக எடுத்தால் பதினான்கு ஸ்லைஸ்தான், அதாவது தலையைக் குறுக்கே அரிந்ததுபோல் பதினான்கு படங்கள்தான், எடுக்க முடியும். ஒவ்வொன்றும் மூன்றரை மில்லிமீட்டர் தடிமன். பெருக்கினால் நாற்பத்தொன்பது, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். தலை முழுவதற்கும் நாற்பது ஸ்லைஸாவது வேண்டும். ஆகவே, சர்ஜனுக்கு எந்த இடம் தெரிய வேண்டுமோ அந்த ஐந்து சென்டிமீட்டரை மட்டும் எடுப்போம். இதுதான் ஷீபாவின் பிள்ளைகள் சிரித்த பாதித் தலை.

இனி தனம். தனலட்சுமி என்பது முழுப்பெயர். மட்டாஞ்சேரியை அடுத்த சலவைக்களத்தில் இஸ்திரி போடுபவள். எங்கள் வீட்டுத் துணியும் அவளிடம்தான் போகும். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். சிரட்டைக்கரி போட்ட கனமான பெட்டியை வலது கையால் தூக்கி ஒரு சட்டையை முடிக்க அவளுக்கு எடுக்கும் நேரம், நான் பொத்தான்களை எண்ணி முடிக்கும் நேரம்தான். ஒருநாள் அவளுடைய வலது கட்டைவிரல் தானாகத் துடிக்கத் தொடங்கியது, துடிப்பு கைக்குப் பரவியது, பெட்டி கீழே விழுந்தது. ஸ்கேன் எடுத்தபோது மூளையின் இடதுபக்கம் ஒரு கட்டி. மெதுவாக வளரும் ரகம் என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று. கையை அசைக்கும் இடம் கட்டிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால் கட்டியை முழுக்க எடுக்கலாம். உள்ளே என்றால் எடுத்தால் கை போகும். ஊசியளவு சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு மற்றதை அப்படியே விட வேண்டியதுதான். விட்டால் கட்டி வளரும், வளர்ந்தால் அப்போதும் கை போகும்.

விரல் தட்டும் முதல் ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. கட்டிக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை, ஒரு புள்ளி நிறம் இல்லை. பதினான்கு ஸ்லைஸையும் மூன்று தடவை புரட்டினேன். தட்டினாளா என்று எனக்குச் சந்தேகம். கை போர்வைக்குள் இருந்ததால் கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. வெளியே வந்தவளிடம் ஊக்குகளை எண்ணிக் கொடுத்தபோது அவளாகவே தயங்கிக்கொண்டு கேட்டாள்.

“மணியண்ணே, நடுவுல நடுவுல நிறுத்தச் சொன்னீங்கல்ல, அப்ப பயமா இருந்துது. முருகன் பேரு சொல்லிட்டுக் கெடந்தேன். தப்பில்லியே?”

வாய்விட்டா சொன்னாய் என்று கேட்டேன். இல்லை, மனசுக்குள்தான் என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் ரேகைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. நான்கு விரல், விரலுக்கு மூன்று ரேகை, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. ஒன்பது சுற்று முடித்தால் நூற்றெட்டு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. தட்டச் சொன்னபோது விரலைத் தட்டியிருக்கிறாள், சும்மா இருக்கச் சொன்னபோது அதே விரலால் ஜபம் செய்திருக்கிறாள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்? ஓடிப்போய் அன்னம்மா மேடத்திடம் சொன்னேன். கிராம்பை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு தனத்தை உட்கார வைத்து, ஆறு நிமிஷம் மட்டும் முருகனைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“அவரு நிப்பாரு டாக்டரே. பயத்துக்கு என்ன பண்றது?”

மேடம் இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தபோது, காதிலிருந்ததையும் கையிலிருந்ததையும் கழற்றி என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஸ்கேன் முடியும்வரை தனத்தின் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இம்முறை போர்வையைக் கைக்கு மேலே போடவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இருந்தேன். ஓய்வு நேரங்களில் விரல் அசையவே இல்லை.

நிறம் அருமையாக வந்தது. அப்போதுதான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து புதுப் புரோகிராம் ஒன்று வந்திருந்தது. அதில் நாங்கள் போட்ட முதல் கேஸ் தனம். அந்தப் புரோகிராம் செய்யும் வேலையைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மனிதனின் தலையும் ஒவ்வொரு அளவு. அதனால் எல்லாருடைய மூளைப் படத்தையும் நகர்த்தி, திருப்பி, இழுத்து, ஒரு பொது மூளையின் அளவுக்குக் கொண்டுவந்து வைக்கும். அப்படி வைத்தால் கொச்சிக்காரன் மூளையில் கையின் இடத்தையும் லண்டன்காரன் மூளையில் கையின் இடத்தையும் ஒரே எண்ணால் குறிக்கலாம். தனத்தின் பதினான்கு ஸ்லைஸையும் அதில் போட்டோம். அவளுடைய பழைய முழுத்தலைப் படத்தையும் அதே பொது அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒன்றின்மேல் ஒன்று வைத்தோம்.

நிறம் போய்க் கட்டியின் நடுவில் உட்கார்ந்தது.

சர்ஜன் டாக்டர் வர்கீஸ் எப்போதும் ஒரு காலைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் பேசுவார். திரையைப் பார்த்தார். “உள்ளதான். பயாப்சி போதும்” என்றார். போய்விட்டார். அன்று மதியமே தனத்தின் கணவர் செல்வத்திடம் சொல்லப்பட்டது.

மேடம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மணி, நிறத்தை அணை.”

அணைத்தேன். புரோகிராமில் நிறத்தை மட்டுமே மேலே காட்டியிருந்தோம். அந்தப் பதினான்கு ஸ்லைஸின் சாம்பல் படத்தை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தோம். கிராம்பு இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போனது.

வகுப்பெடுக்க வைத்திருந்த ஓ.எச்.பி. ஷீட் ஒன்றை, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தாளை, எடுத்துத் திரையில் செல்லோடேப் போட்டு ஒட்டினார். முதலில் தனத்தின் முழுத்தலைப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, மூளையின் வெளிக்கோட்டையும், கைப்பகுதிக்குப் பின்னால் ஓடும் ஆழமான பள்ளத்தையும் ஸ்கெட்ச் பேனாவால் ஷீட்டின்மேல் வரைந்தார். பிறகு ஷீட்டை அசைக்காமல் அடியில் ஸ்லைஸ் படத்தை மாற்றச் சொன்னார். உச்சியில் வெளிக்கோடு பொருந்தியது. கீழே வர வர விலகிக்கொண்டே போனது. பள்ளம் பேனாக் கோட்டில் விழவில்லை, ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

“நீ எத்தனை ஸ்லைஸ் எடுத்தே?”

“பதினாலு.”

“இதுல எத்தனை இருக்கு, எண்ணு.”

பக்கவாட்டில் திருப்பி, மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக எண்ணினேன். இருபது வந்தது. மறுபடி எண்ணினேன், இருபது. நாற்பத்தொன்பது மில்லிமீட்டர் எடுத்தது கிட்டத்தட்ட எழுபதாக நின்றது. பொது மூளைக்காக எல்லாத் தலையையும் கொஞ்சம் இழுப்பது உண்டுதான், ஆனால் அது இவ்வளவு வராது. தனத்தின் முழுத்தலைப் படம் இழுபட்டதைக் கணக்குப் பார்த்தேன். அது அற்பம்.

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஹோட்டலில் அரைக்குற்றி புட்டு கேட்டால் ஒரு குழாய்ப் புட்டில் பாதியை வெட்டித் தருவான். அதைப் பார்த்து, இது முழுக்குற்றிதான், எப்படியோ குட்டையாகிவிட்டது என்று நினைத்து, இரண்டு பக்கமும் பிடித்து முழு நீளத்துக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? புரோகிராம் அதைத்தான் செய்திருந்தது. அதற்கு முழுத்தலைதான் பழக்கம். கொடுத்த பாதியை முழுசு என்று நம்பி, உச்சியைச் சரியாக வைத்து, மற்றதைக் கீழே இழுத்துவிட்டது. உச்சியிலிருந்து மூன்று சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய கைப்பகுதி நான்கு சென்டிமீட்டரைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. கட்டி இருந்தது அங்கேதான்.

அப்படியானால் கை கட்டிக்கு வெளியே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் மேடம் சொன்னார், இருக்கிறது என்று சொல்லவில்லை. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

இழுப்பதை நிறுத்திவிட்டு நகர்த்தவும் திருப்பவும் மட்டும் அனுமதித்துப் பார்த்தோம். மேலே கீழே, முன்னே பின்னே, வலம் இடம் என்று மூன்று விதமாக நகர்த்துவது, மூன்று விதமாகத் திருப்புவது, ஆக ஆறு எண்கள்தான். பதினான்கு பதினான்காகவே நின்றது. ஆனால் புதுக் கஷ்டம். தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் விடையும் மாறியது. ஒருமுறை இரண்டு ஸ்லைஸ் மேலே போய் உட்கார்ந்தது, ஒருமுறை முன்பக்கம் சாய்ந்தது. காரணம் உண்டு. முழுத்தலைப் படம் வேறு முறையில் வேறு நாள் எடுத்தது, அதில் வெள்ளையாக இருப்பது இதில் கறுப்பு. ஐந்து சென்டிமீட்டர் துண்டில் பற்றிக்கொள்ளப் பிடிமானமும் குறைவு. பக்கத்துப் பக்கத்து ஸ்லைஸ்கள் ஒன்று போலவே இருக்கும். மேலே போனால் கை வெளியே, கீழே வந்தால் கட்டியின் விளிம்பில். இந்தப் படத்தை வைத்து யாருடைய தலையையும் திறக்க முடியாது.

நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்றார் மேடம். துண்டை எடுத்த அதே முறையில், அதே தரத்தில், ஆனால் முழுத்தலையையும் மூடும்படி ஒரு படம். அதில் கை தட்ட வேண்டியதில்லை, அவசரமில்லை, ஒரு படத்துக்கு எட்டு ஒன்பது விநாடி எடுத்தாலும் பாதகமில்லை. துண்டு அந்தப் பாலத்தில் பிசகில்லாமல் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஜாதிப் படம். பாலம் முழுத்தலைப் படத்தில் வழுக்காமல் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் முழுசு. எல்லாம் ஒரே படுக்கையில், தலையை அசைக்காமல். எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் அதற்குத் தனம் மூன்றாம் முறை வர வேண்டும், பயாப்சிக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

போனில் செல்வம் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். நானே போனேன்.

சலவைக்களத்தில் நல்ல வெயில். முறுக்கிய இரட்டைக் கயிற்றில் முனையைச் செருகி ஆஸ்பத்திரிப் போர்வைகளை வரிசையாக உலர்த்தியிருந்தார்கள். கொட்டகையில் தனம் ஒரு வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால். மடிப்பு கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதை உதறிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

“எப்டியும் போகப் போற கை. இப்பவே பழகிக்கலாம்னு பாத்தேண்ணே” என்றாள்.

செல்வம் உள்ளேயிருந்து வந்தார். எதிரே நின்றுகொண்டு, “ரெண்டு வாட்டி வந்தாச்சு. ஒரு வாட்டி இவ மேல தப்புன்னீங்க, ஒரு வாட்டி கட்டி மேல தப்புன்னீங்க. இப்ப யார் மேலண்ணே?” என்று கேட்டார்.

“படத்து மேல” என்றேன். கை போகும் என்று சொன்னது படம்தான், அந்தப் படம் பாதித் தலையை முழுத்தலை என்று நினைத்துவிட்டது என்று கொட்டகையில் கிடந்த போர்வை ஒன்றைப் பாதியாக மடித்து இழுத்துக் காட்டினேன். கை பிழைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். பிழைக்குமா என்று நிஜமாகவே பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தனம் என் கையிலிருந்த போர்வையை வாங்கி, நான் கெடுத்த மடிப்பைச் சரி செய்தாள்.

“அந்த டாக்டரம்மா காலைப் பிடிச்சுப்பாங்களா?”

“பிடிச்சுப்பாங்க.”

“அப்ப வரேன்.”

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தாள். ஊக்குகளை வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள். எனக்கு எண்ண ஒன்றுமில்லாமல் போயிற்று. தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சணை செருகினேன். முதலில் முழுத்தலைப் படம், பிறகு பாலத்துக்காக நாற்பது ஸ்லைஸ், பிறகு அதே கோணத்தில், அதே தடிமனில், பதினான்கு ஸ்லைஸ் கை தட்டலுடன். மேடம் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் தனத்துக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிறகு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தோம். துண்டைப் பாலத்தில் பொருத்தினோம், இழுக்க அனுமதியில்லை, ஆறு எண்கள் மட்டும். பாலத்தை முழுத்தலையில் பொருத்தினோம், அதுவும் ஆறு எண்கள். தொடங்கும் இடத்தை ஐந்து விதமாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து முறையும் அரை மில்லிமீட்டர் கூட விலகாமல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த நேரத்து மகிழ்ச்சியை இத்தனை ஆண்டு கழித்து எழுதும்போதும் பேனா வேகமாக ஓடுகிறது. மேடம் நிறத்தைக் கேட்கவில்லை. புது ஓ.எச்.பி. ஷீட் ஒட்டினார், முழுத்தலையிலிருந்து வெளிக்கோடும் பள்ளமும் வரைந்தார், அடியில் துண்டை மாற்றச் சொன்னார். பள்ளம் பேனாக் கோட்டுக்குள் நூல் போட்டதுபோல் விழுந்தது. ஸ்லைஸை எண்ணச் சொல்லி அவர் கேட்கும் முன்பே பதினாலு மேடம் என்றேன்.

“இப்ப நிறம் போடு.”

போட்டேன். கையின் இடம் கட்டிக்கு மேலும் பின்னாலுமாக, ஒரு விரல் அகலம் தள்ளி, தனியாக எரிந்துகொண்டிருந்தது. நடுவில் நல்ல மூளை சுவர் போல நின்றது.

பொது மூளைக்குக் கொண்டுபோகும் வேலையையும் மேடம் விடவில்லை. ஆனால் சர்ஜனுக்கு அது வேண்டாம் என்றார். வர்கீஸ் திறக்கப்போவது தனத்தின் தலையை, பொதுத் தலையை அல்ல. எங்கள் ஆய்வுக்காகச் செய்தபோதும் துண்டை நேராக இழுக்கவில்லை. முழுத்தலைப் படத்தை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்த எண்களைத் துண்டுக்குக் கடன் கொடுத்தோம். துண்டு எட்டாத இடத்தைக் கறுப்பாகவே விட்டோம். இதில் எனக்குப் பின்னாளில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. பதினோரு நோயாளிகளின் துண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த ஒரு டாக்டர், எல்லா இடத்திலும் பதினொன்றால் வகுத்துவிட்டார். சில இடங்களை ஆறு பேருடைய துண்டுகள்தான் தொட்டிருந்தன. மற்ற ஐந்து பேருக்கு அங்கே பூஜ்யம் இல்லை சார், நாம் பார்க்கவே இல்லை, ஆறால் வகுக்க வேண்டும் என்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் தொணதொணப்பு என்றார். பிறகு மாற்றினார். இன்று ஷீபாவின் மெஷின் ஒரு விநாடிக்குள் தலை முழுவதும் எடுத்துவிடுகிறது; ஆனாலும் எதையாவது பாதி எடுக்கும் நாள் வரும், அன்று இது வேண்டியிருக்கும்.

டாக்டர் வர்கீஸ் வந்தார். ஒரு கால் வழக்கம்போல் வெளியே. மேடம் பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அவர் வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“செய்யலாம். ஆனா ஒங்க படத்தை மட்டும் நம்பி இல்ல. உள்ள கரண்ட் வச்சுப் பாத்துட்டுத்தான் வெட்டுவேன்.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் மேடம்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் எனக்கு வேலை இல்லை. அன்று நான் செய்த ஸ்கேன்களில் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை பெயர் கேட்டேன் என்று நர்ஸுகள் கேலி செய்தார்கள். பிற்பகலில் வர்கீஸ் எங்கள் பிரிவைத் தாண்டிப் போகும்போது கதவைத் தட்டி, தன் கட்டைவிரலை மட்டும் மடக்கி நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவர் மின்முனையை வைத்த இடத்தில் தனத்தின் கட்டைவிரல் அசைந்திருக்கிறது. படம் சொன்ன இடம். கட்டியை முழுக்க எடுத்துவிட்டார்.

ஆனால் அது மயக்கத்தில் அசைந்த விரல். தெளிந்த பிறகு என்ன என்பது தெரியவில்லை. முதல் நாள் கை தொய்ந்து கிடந்தது. வீக்கம் இருக்கும், பொறுங்கள் என்றார்கள். செல்வம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியேதான். மூன்றாம் நாள் காலை மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். வர்கீஸ் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். தலையில் கட்டுடன் தனம் படுத்திருந்தாள், வலது கை போர்வைக்கு மேலே இருந்தது.

விரல்களைக் கட்டைவிரலில் தட்டச் சொன்னார் வர்கீஸ்.

தனம் தட்டவில்லை. கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கட்டைவிரல் மெல்ல மடங்கிச் சுண்டுவிரலின் அடிரேகையைத் தொட்டது. பிறகு நடுரேகை, பிறகு மேல்ரேகை. மோதிரவிரலுக்குத் தாவியது. தடுமாறி, நின்று, மறுபடி போனது. உதடு அசைந்தது.

“தட்டச் சொன்னேன்” என்றார் வர்கீஸ்.

“ஆறு நிமிஷம் நிறுத்தி வச்சேன் டாக்டரே” என்றாள் தனம், விரலை நிறுத்தாமல். “நான் பாக்கி முடிச்சுக்கறேன்.”

வர்கீஸ் மேடத்தைப் பார்த்தார். மேடம் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வைக்கு மேலாகத் தனத்தின் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வம் சுவரில் சாய்ந்துகொண்டார். முதல் சுற்று முடிய ரொம்ப நேரமாயிற்று. நான்காவது சுற்றில் விரல் சீரானது. ஒன்பதாவது சுற்றில் ஆள்காட்டி விரலின் மேல்ரேகையில் கட்டைவிரல் வந்து நின்றபோது, தனம் கையைக் கூப்பாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் எண்ணியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

“நூத்தியெட்டு” என்றேன்.